வலிக்காத நோய்: ஈறுக்கு எப்போது நிபுணரைத் தேட வேண்டும்

ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. எல்லோர் காதிலும் இதைப் போட்டுவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சொத்தைப் பல் இரவெல்லாம் தூங்கவிடாமல் குடைந்து, மறுநாள் காலையில் நம்மைப் பல் மருத்துவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஈறு அப்படிச் செய்யாது. பல் துலக்கும்போது கொஞ்சம் இரத்தம், காலையில் வாயில் ஒரு கெட்ட வாடை, அவ்வளவுதான் காட்டும். அதற்குள் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு ஆண்டுக்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும். பல் ஆடத் தொடங்கும்போதுதான் நமக்குப் பயம் வருகிறது. அந்த நேரத்தில் போனதில் பெரும்பகுதி திரும்பாது.

எங்கள் வீடு குடியாத்தத்தில். இங்கே சொல்வது என் அக்காவின் கதை. அக்காவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது, சில ஆண்டுகளாகச் சர்க்கரை. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து விழுந்தது. முன்பல் சந்து அதிர்ஷ்டம் என்று ஆயா சொன்னார். பிறவியிலேயே இருக்கும் சந்துக்கு வேண்டுமானால் அது பொருந்தட்டும். நாற்பது வயதுக்கு மேல் புதிதாக விழும் சந்து வேறு சங்கதி. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வைகாசி முதல் நாள் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊருக்கு வந்துவிடுவார்கள், கூட்டமாகப் படம் எடுத்துக்கொள்வோம். பழைய ஆண்டுப் படத்தையும் புதுப் படத்தையும் கைப்பேசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தது. அக்காவின் பல் முன்னே தள்ளிக்கொண்டு வந்திருந்தது, சற்று நீண்டும் தெரிந்தது. பல் வளரவில்லை, ஈறு மேலே ஏறியிருந்தது. உங்கள் வீட்டிலும் நாற்பதைத் தாண்டியவர்களின் பழைய படங்களைப் புதியவற்றோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கும் முகத்தில் மாற்றம் தெரியாது, படத்தில் தெரிந்துவிடும்.

அதற்கு முன்பே அக்கா ஒரு கிளினிக்குக்குப் போய்வந்திருந்தார். அங்கே பல்லில் இறுகிப் படிந்திருந்த காரையில் வெளியே தெரிந்ததை மட்டும் எடுத்துவிட்டு, ஈறில் தடவ ஒரு ஜெல்லும் வாய் கொப்பளிக்க மருந்தும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். கொஞ்ச நாள் இரத்தம் நின்றது, பிறகு பழையபடி ஆரம்பித்தது. மறுபடி போனபோது, ஆடும் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பிரிட்ஜ் என்னும் செயற்கைப் பல் கட்டிவிடலாம் என்றார்கள். அந்தப் பல் ஏன் ஆடுகிறது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. பக்கத்துப் பற்களின் நிலைமை என்ன, அவை பிரிட்ஜைத் தாங்குமா என்ற கேள்வியும் எழவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான்.

அளப்பது என்றால் என்ன என்பதை வேலூரில் ஒரு பொதுப் பல் மருத்துவரிடம்தான் பார்த்தேன். அவர் கையில் எடுத்தது மெல்லிய கம்பி போன்ற ஒரு கருவி. நுனி கூராக இல்லை, மழுங்கலாக இருந்தது. அதில் மில்லிமீட்டர் கோடுகளும் கறுப்புப் பட்டைகளும் இருந்தன. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே இருக்கும் பள்ளத்தில் அதை மெதுவாக இறக்கினார். ஒரு பல்லுக்கு ஆறு இடம்: கன்னத்துப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் மூன்று. அவர் எண்களைச் சொல்லச் சொல்ல, உதவியாளர் பல் படம் அச்சிட்ட தாளில் குறித்துக்கொண்டே வந்தார். கடைவாய்ப் பக்கம் தொடங்கும்போது “மூன்று, இரண்டு, மூன்று” என்று சாதாரணமாகத்தான் போனது. முன்பற்களுக்கு வந்ததும் “ஆறு, நான்கு, ஏழு, இரத்தம்” என்றார். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அந்தத் தாளில் எண்கள் ஏறுவதைப் பார்த்த எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

மூன்று மில்லிமீட்டர் வரை இயல்பு. நான்கு என்றால் கவனிக்க வேண்டும். ஐந்து, ஆறு என்று போனால் வீட்டில் எந்த பிரஷ்ஷாலும் அந்த அடியைத் தொட முடியாது. பிறகு எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். எலும்பின் விளிம்பு பல்லின் கழுத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் நிற்க வேண்டுமாம். அக்காவின் முன்பற்களில் அது வேரின் பாதிக்குப் போயிருந்தது. அந்த மருத்துவர் சொன்ன வார்த்தைக்காக அவர் மேல் எனக்குத் தனி மரியாதை. “அம்மா, இதை நானே சுத்தம் செய்து காசு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இது ஈறு நிபுணர் பார்க்க வேண்டியது. அங்கே போங்கள், பல்லை இப்போது யாரிடமும் பிடுங்கக் கொடுக்காதீர்கள்” என்றார்.

ஈறு நிபுணர் என்பவர் ஐந்தாண்டு பி.டி.எஸ். முடித்துவிட்டு, மேலும் மூன்று ஆண்டுகள் ஈறையும் பல்லைத் தாங்கும் எலும்பையும் பற்றியே எம்.டி.எஸ். படித்தவர். பலகையில் பெரியோடான்டிஸ்ட் என்றோ, எம்.டி.எஸ். பெரியோடான்டாலஜி என்றோ போட்டிருப்பார்கள். எம்.டி.எஸ். என்று மட்டும் இருந்தால் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். பல் சீரமைப்பும் வேர் சிகிச்சையும் எம்.டி.எஸ். பிரிவுகள்தான். சிறிய ஊர்களில் ஈறு நிபுணர் தனிக் கிளினிக் வைத்திருப்பது குறைவு. வாரத்தில் ஒரு நாளோ மாதத்தில் சில நாளோ வேறு கிளினிக்குகளுக்கு வந்து பார்ப்பார்கள். குடியாத்தமோ ஆம்பூரோ வாலாஜாவோ, உங்கள் வழக்கமான பல் மருத்துவரிடமே “ஈறு நிபுணர் எந்த நாளில் வருவார்?” என்று கேட்டால் சொல்லிவிடுவார்.

சிகிச்சை எப்படி இருந்தது என்று பலர் பயந்து பயந்து கேட்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். முதலில் நிபுணர் சர்க்கரை அறிக்கையைத்தான் வாங்கிப் பார்த்தார். 2018இல் உலக அளவில் வெளிவந்த ஈறு நோய் வகைப்பாட்டில் நான்கு நிலைகளும் மூன்று தரங்களும் உண்டு. எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்பதை நிலை சொல்லும். எவ்வளவு வேகமாகப் போகக்கூடும் என்பதைத் தரம் சொல்லும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி 7 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தாலும், நாளொன்றுக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ புகைத்தாலும் வேகமான தரத்தில் சேர்த்துவிடுவார்கள். அக்காவுக்கு 8ஐத் தாண்டியிருந்தது. சர்க்கரை மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொன்னார். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரை அடங்காது. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஈறைச் சரியாகச் சிகிச்சை செய்தால் எச்பிஏ1சி சராசரியாக அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான அளவு இறங்குவதாக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சர்க்கரைக்காரர்கள் காலுக்கும் கண்ணுக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஈறையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு வாயைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரோடு ஒட்டியிருந்த காரையை எடுத்தார். தண்ணீர் பீய்ச்சும் அதிர்வுக் கருவி பாதி வேலை செய்தது, மீதியைக் கையால் சுரண்டி எடுத்தார். எடுத்த ஒரு துண்டைப் பஞ்சில் வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கடுகளவுதான். வெளியே பல்லில் தெரியும் மஞ்சள் காரை போல இல்லாமல், கரும்பச்சை நிறத்தில், நகத்தால் கீறினாலும் அசையாத கெட்டியாக இருந்தது. ஈறுக்கு உள்ளே இப்படி ஒன்று உட்கார்ந்திருந்தால் ஜெல் தடவி என்ன ஆகும்?

இந்த இடத்தில் எங்கள் பக்கத்தில் ஊறிப்போன ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாலாறு மணலாகிக் கிடக்கிறது, நம் வீடுகளில் பாதிக்குப் போர் தண்ணீர்தான், கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். அந்த உப்புதான் பல்லிலும் காரையாகப் படிகிறது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியில்லை. பல்லின் மேல் படியும் கிருமிப் படலம் துலக்கிய சில மணி நேரத்திலேயே மறுபடி உருவாகத் தொடங்கிவிடும். அதை எடுக்காமல் விட்டால் நம் எச்சிலில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கி, சில நாட்களில் இறுகி, காரையாகிவிடும். எச்சில் சுரப்பி திறக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அது அதிகம் சேரும்: கீழ் முன்பற்களின் உள்பக்கம், மேல் கடைவாயின் கன்னத்துப் பக்கம். நாக்கு நுனியால் கீழ்ப்பற்களின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் அதுதான். மினரல் வாட்டர் கேன் வாங்கிக் குடித்தாலும் அது வரும்.

இன்னொரு நம்பிக்கை இதைவிடக் கேடானது. சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும், சந்து விழுந்துவிடும் என்பது. அம்மாவே அக்காவைத் தடுத்தார். “உங்கள் பெரியம்மா சுத்தம் செய்துகொண்ட பிறகுதான் எல்லாப் பல்லும் போயிற்று” என்றார். அம்மா பொய் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். காரணத்தைத்தான் மாற்றிப் புரிந்துகொண்டிருந்தார். எலும்பு கரைந்து ஈறு இறங்கிய பற்களைக் காரைதான் ஒன்றோடொன்று ஒட்டிவைத்து, சந்தையும் அடைத்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளதெல்லாம் வெளியே தெரிகிறது. கரையான் புற்றைத் தட்டியதும் கதவில் ஓட்டை தெரிந்தால், தட்டியவர்தான் ஓட்டை போட்டார் என்று யாரும் சொல்ல மாட்டோம். வீங்கியிருந்த ஈறு வற்றுவதால் பல் நீளமாகத் தெரியும், சில வாரம் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். அக்கா மார்கழிக் காலையில் வெந்நீரில்தான் வாய் கொப்பளித்தார். கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்டை எழுதிக் கொடுத்தார்கள், போகப்போகக் கூச்சம் குறைந்துவிட்டது.

சில வாரம் கழித்து மறுபடி அளந்தார்கள். இந்த இரண்டாம் அளவுதான் முக்கியம் என்பேன். பெரும்பாலான இடங்களில் ஆறும் ஐந்தும் மூன்றாக இறங்கியிருந்தது, இரத்தமும் நின்றிருந்தது. மேல் முன்பற்களில் மட்டும் ஆழம் அடங்கவில்லை. அந்த இடத்தில் ஈறைச் சற்றுத் திறந்து, கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தையல் போட்டார்கள். அன்று மாலை கன்னம் லேசாக வீங்கியிருந்தது. இரண்டு நாள் மோர் சாதம், ரசம் சாதம். தையல் பிரித்த பிறகு ஆடும் பல்லை உள்பக்கமாக மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு சேர்த்துக் கட்டினார்கள். பிடுங்கச் சொன்ன அந்தப் பல் இன்றும் அக்காவின் வாயில்தான் இருக்கிறது. சந்து முழுவதும் மூடவில்லை, மூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் அளந்து சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதை விட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

மாமாவின் நிலைமை வேறு. அக்கா வீட்டுக்காரர் வாலிபத்திலிருந்தே பீடி பிடிப்பவர். பீடி சுற்றும் ஊரில் அது அதிசயமில்லை. தனக்கு ஈறில் ஒருநாளும் இரத்தம் வந்ததில்லை என்று தெம்பாகச் சொல்வார். அக்காவோடு துணைக்கு வந்தவரை நிபுணர் உட்கார வைத்து அளந்தபோது கடைவாயில் பல இடம் ஆழமாக இருந்தது. புகையிலையின் நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ஈறு வெளிறி, இறுகி, நன்றாக இருப்பது போலத் தோன்றும், நோய் உள்ளே நடந்துகொண்டிருக்கும். ஆகவே புகைப்பவர்கள் இரத்தம் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. வெற்றிலையோடு புகையிலையை ஒரே கன்னத்தில் அடக்கிவைப்பவர்களுக்கு அந்த இடத்து ஈறு இறங்கிப்போகும். அங்கே வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு நாளும் தள்ளக் கூடாது. அது ஈறு விவகாரமாக இல்லாமல் புற்றுநோயாக இருக்கலாம்.

எல்லோரும் நிபுணரிடம் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துலக்கும்போது இரத்தம், கொஞ்சம் காரை, ஆழம் மூன்றுக்குள், எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருக்கிறது என்றால் பொதுப் பல் மருத்துவரே போதும். ஒருமுறை சுத்தம் செய்துகொண்டு ஒழுங்காகத் துலக்கினால் அந்த நிலையில் ஈறு முழுமையாகவே திரும்பிவிடும். கர்ப்பகாலத்தில் ஈறு வீங்குவதும் பெரும்பாலும் இந்த வகைதான். அப்போதும் சுத்தம் செய்துகொள்ளலாம், மருத்துவரிடம் எத்தனையாவது மாதம் என்று சொல்லிவிட்டால் போதும். பல் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: “என் ஈறின் ஆழம் எத்தனை? எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது?” அளக்காமலேயே பதில் சொன்னால், வேறு இடத்தில் அளந்து பாருங்கள்.

சுத்தம் செய்த பிறகும் இரத்தம் நிற்காவிட்டால், ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் பல இடங்கள் இருந்தால், பல் ஆடினால், புதிதாகச் சந்து விழுந்தால், ஈறை அழுத்தும்போது சீழ் வந்தால், அப்போது ஈறு நிபுணர்தான். இருபது வயதுப் பிள்ளைக்கு முன்பல்லோ முதல் கடைவாய்ப் பல்லோ ஆடினால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அந்த வயதில் வருவது வேகமான வகை, பரம்பரையாகவும் வரும், அண்ணன் தம்பிகளையும் சேர்த்துக் காட்டுங்கள். பல்லுக்குக் கிளிப் போடுவதற்கும் இம்பிளான்ட் வைப்பதற்கும் முன்னால் ஈறைப் பார்த்துச் சரிசெய்துகொள்வது அவசியம்.

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்கும், வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன் சாப்பிடுபவர்களில் பலருக்கும் ஈறு தடித்துப் பல்லை மூடுமளவு வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொன்னால் மாற்ற வழி இருக்கும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே பேச்சுதான். இதய வால்வு மாற்றியவர்கள் அதைக் கட்டாயம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சுத்தம் செய்வதற்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

இரண்டு நிலைகளில் பல் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கவும் கூடாது. தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சல் அடித்து, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியவில்லை என்றால் நடுராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஈறில் தானாகவே இரத்தம் கசிந்து, உடம்பில் நீலத் திட்டுகளும் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை. டெங்குவாகவும் இருக்கலாம், இரத்த நோயாகவும் இருக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் தினமும் செய்ய வேண்டும். மெல்லிய நார் உள்ள பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்துச் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும், காலையிலும் இரவிலும் இரண்டிரண்டு நிமிடம். “ஆலும் வேலும் பல்லுக்குறுதி” என்று வளர்ந்தவர்கள் நாம், வேப்பங்குச்சியின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. ஆனால் குச்சியும் விரலால் தேய்க்கும் பற்பொடியும் பல்லின் வெளிமுகத்தோடு நின்றுவிடுகின்றன. நோய் தொடங்குவது இரண்டு பல்லுக்கு நடுவில். அங்கே நுழைய பல்லிடுக்கு பிரஷ் என்று சின்னதாக ஒன்று வேலூர் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, எந்த அளவு உங்கள் சந்துக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஊக்கு, குச்சி, செங்கல் பொடி, கரித்தூள் வேண்டாம். வலிக்கும் ஈறில் கிராம்பு எண்ணெயையோ மாத்திரையையோ வைத்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்து நல்ல மருந்துதான், ஆனால் சொன்ன நாளுக்கு மேல் போனால் பல் பழுப்பேறும், நாக்கில் ருசி மாறும்.

1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை இன்று சிஎம்சியாக நிற்கும் ஊர் வேலூர். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வருகிறார்கள், கடைத் தெருவில் வங்காள எழுத்தில் பலகைகள் தொங்குகின்றன. பக்கத்திலேயே இருக்கும் நாம் பல்தானே என்று தள்ளிப்போடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. கையில் காசில்லை என்பவர்கள் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போகலாம். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஈறு அறுவை வரை தேவைப்பட்டால் சென்னையில் தமிழ்நாடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் ஈறுக்குத் தனித் துறையே உண்டு, காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

போகும்போது அண்மைய சர்க்கரை அறிக்கை, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், பழைய பல் எக்ஸ்ரே ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரைக்காரர்கள் இரத்தப் பரிசோதனைக்குப் போவது போல வெறும் வயிற்றோடு போய்விடக் கூடாது. காலை உணவும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு, காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். திரும்பும்போது அந்த எண்கள் எழுதிய தாளைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிட அதுதான் கைகொடுக்கும்.